திருநம்பிப் பிள்ளைக்குப் பைண்டர்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணரும் பிள்ளைதான் திருநம்பி. பதினான்கு, பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை மார்பை மறைக்கத் தொடங்கினால் வீட்டில் முதலில் காணாமல் போவது கிரேப் பேண்டேஜ்தான். கால் சுளுக்குக்கு வாங்கி மருந்துப் பெட்டியில் போட்டு வைத்த அந்தப் பழுப்பு நிறத் துணிச் சுருள். அது இல்லையென்றால் பழைய துப்பட்டா, இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஸ்போர்ட்ஸ் பிரா, இன்னும் மோசமாகப் போனால் பார்சல் ஒட்டும் டேப். மே மாத வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றாத பிள்ளை, புத்தகப் பையை எப்போதும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளை, தோளைக் குறுக்கிக் கூனி உட்காரும் பிள்ளை, இவர்களில் சிலர் உள்ளே எதையாவது இறுக்கிக் கட்டியிருக்கலாம்.

கிரேப் பேண்டேஜ் ஏன் கூடாது என்பதைப் பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அடிபட்ட மூட்டு வீங்காமல் அழுத்திப் பிடிப்பதற்காகச் செய்த துணி அது. மார்பைச் சுற்றிக் கட்டினால், மூச்சை விடும்போது விலா சுருங்குகிறது, சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவி அந்தச் சுருங்கிய அளவுக்கு இறுகுகின்றன. அடுத்த மூச்சுக்கு விலா விரிய இடம் இருக்காது. காலையில் சரியாக இருந்த கட்டு மதியத்துக்குள் தானாகவே இறுக்கமாகிவிடும். பார்சல் டேப்புக்கு நீட்சியே கிடையாது; பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். இவை இரண்டுக்கும் மாற்றாகச் செய்யப்பட்டதுதான் பைண்டர். மார்பைத் தட்டையாகக் காட்டும், ஆனால் மூச்சுக்கு விரிந்து கொடுக்கும்படி தைத்த உள்ளாடை.

இந்த விமர்சனத்தில் பார்ப்பது ஐந்து வகை: அரை பைண்டர், பக்கவாட்டில் ஹூக் அல்லது ஜிப் வைத்த பைண்டர், இடுப்பு வரை வரும் முழு பைண்டர், கடையில் கிடைக்கும் அழுத்தமான ஸ்போர்ட்ஸ் பிரா, தோலில் ஒட்டும் பருத்தி டேப். எவ்வளவு தட்டையாகத் தெரிகிறது என்பதை நாங்கள் மூன்றாம் இடத்தில்தான் வைத்தோம். முதல் கேள்வி, முழு மூச்சு இழுக்க முடிகிறதா. இரண்டாவது, வியர்வையில் ஊறும் நம் ஊரில், பள்ளிக் கழிவறைக்குள் நின்று பிள்ளை தானே தனியாக அதைக் கழற்ற முடிகிறதா. இந்த இரண்டிலும் தோற்ற பைண்டர் எவ்வளவு தட்டையாகக் காட்டினாலும் வாங்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். பைண்டர் மார்பு வளர்வதை நிறுத்தாது, வளர்ந்ததைச் சுருக்கவும் செய்யாது. இதைப் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் "இன்னும் இறுக்கினால் வளராது" என்ற நம்பிக்கையில்தான் பலர் ஒரு சைஸ் சிறியதைக் கேட்கிறார்கள். கடையில் வாங்கிய பைண்டர் என்றால் தொந்தரவே வராது என்பதும் உண்மையல்ல. 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மார்பைக் கட்டும் 1,800 பெரியவர்களிடம் கேட்டபோது 97.2 சதவீதம் பேர் ஏதாவது ஓர் உடல் தொந்தரவைச் சொன்னார்கள். முதுகுவலியும் உடல் சூடாவதும் பாதிப் பேருக்கு மேல் இருந்தன. வாரத்தில் எத்தனை நாள் கட்டுகிறார்கள் என்பதோடு தொந்தரவுகள் நெருக்கமாகச் சேர்ந்து வந்தன. அதே ஆட்கள், கட்டுவதால் மன உளைச்சலும் பதற்றமும் குறைவதாகவும் சொன்னார்கள். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிடுங்கி வைத்தால் பிள்ளை மறுபடி கிரேப் பேண்டேஜுக்குப் போகும். வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் வாரத்தில் ஏழு நாளும் போட்டுக்கொண்டு தூங்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் பைண்டருக்கு விடுப்பு என்ற ஏற்பாட்டைப் பெற்றோருக்குத் தெரிந்து போடும் பிள்ளையால் மட்டுமே கடைப்பிடிக்க முடியும். திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறை அமைப்பான டபிள்யூபாத் 2022-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டியும், மார்பு கட்டுவதன் நன்மை தீமை இரண்டையும் வளரிளம் பருவத்தினருக்குச் சொல்லித்தர வேண்டும் என்றே சொல்கிறது.

அரை பைண்டரில் இருந்து தொடங்கலாம். பார்க்கக் குட்டையான கையில்லாப் பனியன் போல இருக்கும், விலாவின் கடைசி எலும்புக்குச் சற்று மேலே முடிந்துவிடும். நல்ல அரை பைண்டரின் ரகசியம் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு துணி என்பதில் இருக்கிறது. முன்பக்கம் நீட்சி இல்லாத இரட்டைத் துணி, பின்பக்கம் நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த நீளும் துணி. மூச்சு இழுக்கும்போது விலா பக்கவாட்டிலும் பின்னாலும் விரிய இந்தப் பின்துணி இடம் கொடுக்கிறது. பொருள் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: முன்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், பிறகு பின்பக்கத்தை. முன்பக்கம் நகரக்கூடாது, பின்பக்கம் தாராளமாக நீண்டு விட்டவுடன் திரும்பி வர வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நீண்டால் அது பைண்டர் என்று பெயர் ஒட்டிய இறுக்கமான பனியன், தட்டையாகவும் காட்டாது. இரண்டும் நீளாவிட்டால் அது கிரேப் பேண்டேஜின் தம்பி, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்துத் தையல். உள்ளே திருப்பி அக்குளைச் சுற்றி விரலால் தடவுங்கள். தையல் தடித்து மேடாக இருந்தால் அந்த மேடு நாள் முழுக்க அதே இடத்தில் உரசும், மூன்றாம் நாளே தோல் சிவந்து கன்றிப்போகும். துணி மேல் துணி தட்டையாகப் படியும்படி தைத்திருக்க வேண்டும். அடிப்பட்டை குறைந்தது ஓர் அங்குலம் அகலம் வேண்டும். அரை அங்குல எலாஸ்டிக் வைத்தவை உட்கார்ந்தவுடன் மேலே சுருண்டு, கயிறு போல விலாவில் பதியும். பருமனான பிள்ளைகளுக்கு இந்தச் சுருளும் பிரச்சினை மிக அதிகம். அவர்களுக்கு ஒன்றரை அங்குலப் பட்டையும் சற்று நீளமான உடலும் உள்ளதாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜிசி2பி இந்த அரை பைண்டர் வடிவத்தைப் பரவலாக்கிய நிறுவனங்களில் ஒன்று, திருநர் ஒருவரே தொடங்கியது. அண்டர்வொர்க்ஸ் என்ற இன்னோர் அமெரிக்க நிறுவனத்தின் பைண்டர்களும் உலகம் முழுக்கப் போகின்றன. வெளிநாட்டுப் பொருளை வரவழைத்தால் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து விலை ஏறிவிடும் என்பதோடு, அளவு சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது நடைமுறையில் நடக்காத காரியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு மாறும் வயதில் அவ்வளவு செலவு தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வளர்ச்சி நின்ற பிறகு, பதினெட்டு பத்தொன்பது வயதில், அந்தப் பணத்தைப் போடலாம்.

வளரும் பிள்ளைக்கு நாங்கள் முதலிடம் கொடுப்பது பக்கவாட்டில் ஹூக் வைத்த அரை பைண்டர். ஒரு பக்க அக்குளுக்குக் கீழே திறந்து மூடும்படி இருக்கும், மூன்று வரிசை ஹூக்குகள். தலைவழியாக இழுத்து மாட்ட வேண்டாம். மூச்சு முட்டினால் ஒரு கையால், சட்டையைக் கழற்றாமலே, உள்ளே கைவிட்டு அவிழ்த்துவிடலாம். மதிய உணவு இடைவேளையில் கடைசி வரிசைக்குத் தளர்த்தி வைக்கலாம். மாதவிடாய் நாட்களில் மார்பு கனத்து வலிக்கும்போது ஒரு வரிசை விட்டுப் போடலாம். பிள்ளை வளர்ந்தால் ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் பிரா எக்ஸ்டென்டரை, அதே எண்ணிக்கையில் ஹூக் உள்ளதாகப் பார்த்து வாங்கி மாட்டினால் இன்னும் சில மாதம் ஓடும். குறை ஒன்று உண்டு: ஹூக் பக்கம் சற்றுத் தடிப்பாக இருப்பதால் மெல்லிய வெள்ளைச் சட்டையில் கோடு தெரியும். ஹூக்குக்கு உள்பக்கம் துணிப் பட்டி இல்லையென்றால் உலோகம் தோலில் குத்தும். ஜிப் வைத்தவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஜிப் ஒரே அளவில்தான் மூடும், தளர்த்த வழியில்லை, வியர்வையில் நனைந்த துணி அதில் மாட்டிக்கொண்டால் அவசரத்துக்குத் திறக்காது.

முழு பைண்டர் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வயிற்றையும் சேர்த்து அழுத்தும், உட்கார்ந்தால் சுருண்டு ஏறும், சாப்பிட்டவுடன் நெஞ்செரிச்சல் வரும், சூடு இரட்டிப்பாகும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால்கூட ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இது வேண்டாம்.

மார்பு இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தப் பைண்டரும் தேவைப்படாது. ஓட்டப் பயிற்சிக்கென்று விற்கும் அழுத்தமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று, அதன் மேல் சற்றுத் தளர்ந்த பருத்திப் பனியன், இவ்வளவே போதும். ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கே கிடைக்கும், எந்தக் கடையிலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கப் இல்லாததாக, உள்ளே வைக்கும் பஞ்சுத் தட்டு இருந்தால் எடுத்துவிடக்கூடியதாகப் பாருங்கள். சரியான சைஸையே வாங்குங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட விடாதீர்கள். இரண்டு போட்டால் தோள்பட்டையில் இரட்டைப் பாரம் ஏறி, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் வலி வரும். நிறத்தில் ஒரு நுணுக்கம்: வெள்ளைச் சட்டைக்கு உள்ளே வெள்ளை உள்ளாடை பளிச்சென்று தெரியும். பிள்ளையின் தோல் நிறத்துக்கு நெருங்கிய பழுப்புதான் தெரியாமல் போகும். இது பைண்டருக்கும் பொருந்தும்.

அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கான சீருடையில் சுடிதார் மேல் ஓவர்கோட் இருக்கிறதல்லவா, அது பல திருநம்பிப் பிள்ளைகளுக்குத் தற்செயலாகக் கிடைத்த உதவி. தடித்த துணி, நேரான வெட்டு. அதைத் தைக்கக் கொடுக்கும்போது மார்புச் சுற்றளவில் இரண்டு அங்குலம் கூட்டி, முன்பக்கம் பிடிப்பு வைக்காமல் தைக்கச் சொன்னால் உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா மட்டும் போட்டே பள்ளி நாள் முழுவதையும் கழிக்கலாம். பைண்டருக்கு வேலை இல்லாத ஒவ்வொரு நாளும் விலாவுக்கு லாபம்.

ஒட்டும் டேப் ஐந்தாவது வகை. விளையாட்டு வீரர்கள் தசைப்பிடிப்புக்கு ஒட்டும் பருத்தி டேப், 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் சுருள். மார்புக்கென்றே விற்பவை இன்னும் அகலம். விலாவைச் சுற்றி எதுவும் இல்லாததால் மூச்சுக்குத் தடை இல்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் நம் ஊர் வியர்வைக்கு இது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. முதலில் வயிற்றில் ஒரு சின்னத் துண்டை 24 மணி நேரம் ஒட்டிவைத்துப் பாருங்கள். அரித்தால், தடித்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஒட்டுவதானால் துண்டின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலைதான் முதலில் உரியும். முலைக்காம்பு மேல் மெல்லிய காஸ் துணியோ மடித்த டிஷ்யூவோ வைத்து மூட வேண்டும். முன்பக்கத்தில் தொடங்கி மார்பை அக்குள் பக்கமாகத் தள்ளியபடி ஒட்டி, கடைசி இரண்டு அங்குலத்தை இழுக்காமல் சும்மா படிய விட வேண்டும். கொப்புளம் வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான். இழுத்து ஒட்டியதால் தோல் நாள் முழுக்க எதிர்ப்பக்கம் இழுபட்டுக் கிழிகிறது. முதுகு வரை சுற்றி ஒட்டக்கூடாது. மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். எடுக்கும்போது தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, டேப்பை இழுக்காமல் தோலை டேப்பிலிருந்து தள்ளித் தள்ளி விடுவிக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் வெறும் தோலாக விட வேண்டும். கல்யாணம், சுற்றுலா போன்ற இரண்டு மூன்று நாள் தேவைக்கு நல்லது. தினசரிக்கு அல்ல.

டெய்லரிடம் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உங்களுக்கு நம்பிக்கையான டெய்லர் இருந்தால் தாராளமாகத் தைக்கலாம். முன்பக்கத்துக்கு இரண்டு மடிப்புப் பருத்தித் துணி, பின்பக்கத்துக்குப் பவர்நெட் என்ற நீளும் வலைத்துணி, உள்ளே பனியன் துணி லைனிங், பக்கத்தில் ஹூக் பட்டி. பிளவுஸ் தைப்பவருக்கு இவை எல்லாமே பழகிய வேலை. தவறு நடப்பது ஓர் இடத்தில்: பழக்க தோஷத்தில் முன்பக்கம் டார்ட் பிடித்துவிடுவார்கள். டார்ட் என்பது மார்புக்கு வடிவம் கொடுக்கவே இருப்பது, இங்கே அதற்கு நேர் எதிரானதைத்தான் கேட்கிறோம். "பிடிப்பே வேண்டாம், நேர் வெட்டு" என்று காகிதத்தில் வரைந்து கொடுங்கள். பிள்ளையை நேரில் அளவெடுக்க வைக்க வேண்டாம், நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

அளவெடுப்பதில்தான் பாதிக் குழப்பம். இன்ச் டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள், அவனே எடுத்துக்கொள்ள விரும்பினால் டேப்பைக் கொடுத்துவிட்டு எண்களை மட்டும் வாங்குங்கள். மூன்று அளவு வேண்டும்: மார்பின் பெரிய பகுதியைச் சுற்றி, மார்புக்குச் சரியாகக் கீழே விலாவைச் சுற்றி, ஒரு தோள்முனை எலும்பிலிருந்து இன்னொரு தோள்முனை வரை. இறுக்கமான உள்ளாடை எதுவும் இல்லாமல், சாதாரணமாக மூச்சு விட்டபடி, டேப் தரைக்கு இணையாக. சில நிறுவனங்கள் முதல் இரண்டின் சராசரியைக் கேட்கும்: மேலே 36, கீழே 31 என்றால் 33.5. சில நிறுவனங்கள் தோள் அளவைத் தனியாகப் பார்க்கும். எந்த நிறுவனத்தின் பொருளோ அதன் அட்டவணையை மட்டும் பாருங்கள், ஒன்றின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருக்கும். இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள். விதிவிலக்கே கிடையாது.

வந்தவுடன் விலைச்சீட்டைக் கிழிக்காமல் வீட்டில் போட்டுப் பார்க்கட்டும். அக்குளிலும் அடிப்பட்டையிலும் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து குனிந்து ஷூ லேஸ் கட்ட வேண்டும். இரண்டு மாடி ஏறி இறங்கி, பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாக, நடுவில் மூச்சு இரைக்காமல் படிக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் இந்தக் கடைசிச் சோதனைதான் உண்மையைச் சொல்லும். சின்ன சைஸை விரும்பும் பிள்ளை மற்ற எல்லாவற்றிலும் சமாளித்துவிடும், சத்தமாகப் படிக்கும்போது வாக்கியம் பாதியில் அறுந்துவிடும். கழற்றியபின் தோலில் இருக்கும் கோடு அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. இரவு வரை நின்றால் சைஸ் சிறியது.

ஹூக் இல்லாத பைண்டரைப் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தலைவழியாக மாட்டினால் தோளில் சிக்கி, கைகள் மேலே தூக்கியபடி மாட்டிக்கொள்ளும். உள்வெளியாகத் திருப்பி, தலைகீழாகப் பிடித்து, கால்வழியாக நுழைத்து இடுப்பு வரை ஏற்ற வேண்டும். பிறகு தொங்கும் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்தால் தானாக நேராகத் திரும்பி உடம்பில் ஏறும். குளித்த ஈரத்தோடு போடக்கூடாது. துடைத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம். போட்டபின் சற்றுக் குனிந்து, உள்ளே கைவிட்டு மார்பை வெளிப்பக்கமாகவும் கீழாகவும் ஒதுக்கிவிட வேண்டும். மேலே தள்ளினால் கழுத்துக்குக் கீழே மேடாகத் தெரியும், கழுத்தெலும்பும் வலிக்கும். வியர்வையில் ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் பிள்ளை பதறினால் யோசிக்காமல் கத்தரியை எடுத்து, அடிப்பட்டையில் பக்கத் தையலோரமாக மேலே வெட்டிவிடுங்கள். முனை மழுங்கிய கத்தரி ஒன்றை அலமாரியில் தயாராக வையுங்கள், விலை உயர்ந்த பொருளை வெட்டிவிட்டதற்காகத் திட்டு விழாது என்றும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நேரக் கணக்கு. பரவலாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு 8 மணி நேரம். வளரும் பிள்ளைக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீட்டில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பழகட்டும். இப்போது பள்ளி நேரத்தைப் பாருங்கள்: காலை ஏழரைக்கு வேன், மாலை நான்கரைக்கு விடுவார்கள், அப்படியே டியூஷன், வீடு வந்து சேர ஏழு மணி. மொத்தம் பதினொன்றரை மணி நேரம். வரம்பை மீற வைப்பது பிள்ளையின் பிடிவாதம் மட்டுமல்ல, இந்த அட்டவணையும்தான். அட்டவணையை மாற்றுவது பெற்றோரின் கையில் இருக்கிறது. டியூஷனுக்கு முன் வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ள வழி செய்யலாம், இல்லையென்றால் டியூஷனுக்கு அடர்நிறத்தில் தொளதொளவென்று கட்டம் போட்ட சட்டை ஒன்றைப் பையில் வைத்துவிடலாம். சட்டைப் பையும் கட்டமும் மார்பின் வடிவம் தெரியாமல் செய்துவிடும், ஸ்போர்ட்ஸ் பிரா போதும். விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் பைண்டர் போடாமல் அனுப்புங்கள். ஓடும்போது நுரையீரல் கேட்கும் காற்றை எந்தப் பைண்டரும் விடாது. பள்ளியில் யாரிடமாவது இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், யாரிடம், எவ்வளவு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அவன் அனுமதி இல்லாமல் வகுப்பாசிரியரிடம்கூடச் சொல்லக்கூடாது.

தூங்கும்போது கூடவே கூடாது. காய்ச்சல், இருமல், சளி என்றால் குணமாகும் வரை கழற்றிவைக்க வேண்டும், நன்றாக இருமினால்தான் சளி வெளியே வரும். ஆஸ்துமா, முதுகெலும்பு வளைவு, விலாவில் பழைய அடி உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வெளிநாட்டு விமர்சனங்களில் இது போதிய அளவு இல்லை. சென்னையில், திருச்சியில், வேலூரில் ஏப்ரல் மே மாதங்களில் நைலான் துணிக்குள் மார்புக்கு அடியில் தேங்கும் வியர்வை முதலில் வேர்க்குருவைக் கொண்டுவரும், கவனிக்காவிட்டால் அந்த ஈரத்தில் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றும் பிடிக்கலாம். உள்ளே மெல்லிய கையில்லாப் பருத்திப் பனியன் ஒன்றைப் போட்டு அதன் மேல் பைண்டர் போடுவது நல்ல தடுப்பு. பனியனை மதியம் மாற்றிக்கொள்ளலாம். பவுடரை அள்ளிக் கொட்ட வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து மடிப்பில் மாவாகப் பிசுபிசுக்கும். வட்டமாக, ஓரம் சிவந்து அரிக்கும் தடிப்பு வந்தால் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், படை உள்ளே பரவும். தோல் மருத்துவரிடம் காட்டி, முழுக்கக் குணமாகும் வரை பைண்டரை நிறுத்துங்கள். இன்னொன்று: எந்தக் கழிவறைக்குப் போவது என்ற சங்கடத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் திருநம்பிப் பிள்ளைகள் பலர். பைண்டரின் சூடும் இந்தத் தாகமும் சேர்ந்தால் காலை அசெம்பிளியிலேயே மயக்கம் வரும். தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

துவைப்பது. குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, கையால். முறுக்கிப் பிழியக்கூடாது, ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கிவிடும். ப்ளீச், மணத்துக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி இரண்டும் ஸ்பான்டெக்ஸைக் கெடுக்கும். வாஷிங் மெஷின் வேண்டாம். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் நீட்சி சீக்கிரம் செத்துவிடும், நிழலில் படுக்கைவாட்டில் காய வேண்டும். விருந்தாளிகள் இருக்கும் வீட்டில் பிள்ளை அதை ஒளித்து, ஈரத் துண்டுக்கு அடியில் போட்டுக் காயவைக்கும், பாதி ஈரத்தோடு மறுநாள் போட்டுக்கொள்ளும். பூஞ்சை வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. உங்கள் அறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாளில் காயாது, அதனால் தினமும் போடுவதானால் குறைந்தது இரண்டு வேண்டும்.

இணையத்தில் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். உள்ளாடை என்பதால் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை, சைஸ் மாற்றித் தருவார்களா என்று ஆர்டர் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தின் மேல் என்ன எழுதி வரும் என்றும் கேளுங்கள். தாத்தா பாட்டிக்கு இன்னும் தெரியாத வீட்டில் அலுவலக முகவரி நல்லது.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்: கழற்றிய பிறகும் ஒரு நாளைக்கு மேல் நீடிக்கும் விலா வலி, மூச்சு இழுக்கும்போது ஒரே இடத்தில் குத்துவது, கையில் மரத்துப்போவது, மார்பில் கட்டி அல்லது கசிவு. திடீரென்று நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் அன்றே, அப்போதே போக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கான தனிப் பிரிவு இருக்கிறது. வேறு எங்கு போனாலும் பைண்டர் போடும் விஷயத்தை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்களை வெளியே இருக்கச் சொன்னால் இருங்கள். "இந்தப் பழக்கத்தை மாற்றிவிடலாம், பெண்ணாகவே ஆக்கிவிடலாம்" என்று யாராவது சிகிச்சை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவில் தடை செய்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட சிகிச்சையை 2022-ல் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது.

எங்கள் முடிவைக் கேட்டால், முதல் தடவை இப்படி வாங்குங்கள்: பழுப்பு நிறத்தில் அழுத்தமான ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு, மெல்லிய பருத்திப் பனியன் மூன்று, தேவை என்று பிள்ளை சொன்னால் பக்கவாட்டு ஹூக் வைத்த அரை பைண்டர் ஒன்று. ஒரு மாதம் போகட்டும். மூச்சும் தோலும் சரியாக இருந்தால் அதே பைண்டரில் இரண்டாவதை வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். ஹூக்கைக் கடைசி வரிசையில் மட்டுமே போட முடிகிறது என்றாலோ, இழுத்துவிட்டால் பின்துணி பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றாலோ அதன் காலம் முடிந்துவிட்டது, அடுத்ததை வாங்குங்கள். மருந்துப் பெட்டியில் இருக்கும் கிரேப் பேண்டேஜ் சுளுக்குக்கு மட்டும் இருக்கட்டும்.